வெள்ளிமலைக் கேமராவுக்கு வியர்த்த கதை

எனக்குத் தலைக்கனம் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். கள்ளக்குறிச்சியில் ஏணி ஏறி, பல்லில் ஸ்க்ரூ டிரைவரைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கேமரா மாட்டுகிற பெண்கள் எத்தனை பேர் என்று அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களே எண்ணிச் சொல்லட்டும். நான் இன்னும் ஒருத்தியைக்கூடப் பார்க்கவில்லை.

கடை என் கணவருடையது. டிவி ரிப்பேரில் தொடங்கி, டிஷ் மாட்டி, கடைசியில் கண்காணிப்புக் கேமராவுக்கு வந்து சேர்ந்தார். நான் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டேன். பில் போட்ட நேரம் போக மீதி நேரமெல்லாம் அவர் கழற்றுவதையும் மாட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு நாள் அவருக்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனி ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை மூடிவிடலாமா என்று படுத்த வாக்கிலேயே கேட்டார். நான் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, ஏணியை ஷேர் ஆட்டோவின் மேலே ஏற்றிக் கட்டினேன்.

முதலில் போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான். "வூட்டுக்காரர் வரலியா?"

"வந்தா கீழ நின்னு ஏணியத்தான் புடிப்பாரு. பரவால்லியா?" என்பேன். அதற்குமேல் கேட்க மாட்டார்கள். வேலை முடிந்து படம் பளிச்சென்று வந்ததும், இரண்டாவது கேமராவுக்கும் என்னையே கூப்பிடுவார்கள். கச்சிராயபாளையத்தில் ரைஸ் மில், சின்னசேலத்தில் துணிக்கடை, ஊருக்குள் பாதி நகைக்கடை, எல்லாம் என் கைபட்டவை. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவேன். எது நேராக இருக்கிறது, எது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

இத்தனை வேலையிலும் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிற வேலை ஒன்றுதான். அது கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு குடோனில் நடந்தது.

குடோன்காரர் திருக்கோவிலூர்ப் பக்கத்து நிலக்காரக் குடும்பம். வீடு கள்ளக்குறிச்சியில். மலையில் விளைகிற கடுக்காய், புளி, சாமை எல்லாம் வாங்கி அந்தக் குடோனில் அடுக்கிவைத்து, விலை பார்த்து விற்பார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு தடவை ஒன்றை மனதில் நினைத்துவிட்டால் அதை அசைக்க முடியாது. குடோனுக்குக் காவலாக மலைக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். குடோனை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடும் மகளோடும் இருந்தார். சொந்த ஊர் அங்கிருந்து காட்டு வழியாக நடக்க வேண்டிய தொலைவு. மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் இருந்தால்தான் அவளால் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்வர முடியும்.

ஐப்பசியில், இடுப்பு போவதற்கு முன்னால், என் கணவர் கடைசியாக ஏணி ஏறி மாட்டியது அந்தக் குடோன் கேமராதான். சிம் போட்டு வேலை செய்கிற கேமரா. குடோன்காரர் கள்ளக்குறிச்சி வீட்டில் உட்கார்ந்தபடியே மலைமேல் நடப்பதைப் போனில் பார்க்கலாம். அங்கே யாராவது பேசினால் கேட்கலாம், இவரும் பதில் பேசலாம். புது மருமகளைப் பார்க்கிற மாதிரி நாளெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழி பிறந்ததும் பிரச்சினையும் பிறந்தது. ஒரு நாள் காலையில் போனை நீட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"இத பாரும்மா. வெடிஞ்சா போதும், படம் பூரா வெள்ளையா பூடுது. பத்து மணி வரைக்கும் ஒண்ணுந்தெரியல."

"பனியா இருக்கும்ங்கய்யா. உள்ள ஈரம் பூந்திருக்கும்."

"பனியாவது இன்னாவது. முழுசாப் பாரு."

பதிவான படத்தை ஓட்டினார். விடிகிற நேரம். குடோன் வாசல் லேசாக மங்கித் தெரிகிறது. காவல்கார அண்ணன் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறுகிறார். தோளில் கிடக்கிற துண்டை எடுக்கிறார். துண்டு நேராகக் கண்ணாடியை நோக்கி வந்து படத்தையே மூடுகிறது. துண்டு விலகினால் வெறும் வெள்ளை. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே.

"தெனைக்கும் துணிய வெச்சி மூடறான். அப்பறம் எல்லாம் வெள்ளை. எதையோ தடவிக்கினு இருக்கான். அவன் மொகம் தெரியக் கூடாதுன்னு பண்றான். நான் வூட்டுலருந்து பாக்கறது அவனுக்குப் புடிக்கல."

"ஏதாவது காணாமப் பூடுச்சிங்களா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் போகல. போனப்பறம் பாத்து இன்னா பண்றது?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கடுக்காய்கூடக் குறையவில்லை. அதற்குள் ஒரு மனிதர் திருடனாகிவிட்டார். நான் படத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டினேன். துண்டு வருவதற்கு முன்னாலேயே படம் மங்கலாகத்தான் இருந்தது. அதைச் சொன்னேன். மலையில் பனி இருக்கத்தானே செய்யும், அந்த மங்கல் வேறு, இந்த வெள்ளை வேறு என்று சொல்லிவிட்டார். சரி, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் பஸ் ஏற ஏறக் காது அடைத்தது. குடோனில் இறங்கியபோது, எதிரில் வருகிற மாடு கழுத்து மணியால்தான் தெரிந்தது, அப்படி ஒரு பனி. காவல்கார அண்ணன் என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக ஸ்டூலை எடுத்து வந்தார்.

"தெனைக்கும் நானே தொடைக்கிறேங்க. எவ்ளோ தொடைச்சாலும் போவ மாட்டேங்குது. அய்யா பாக்கறாரேன்னு வெடிஞ்சதும் மொத வேலையா அதத்தான் செய்யறேன்."

நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் அவர் தினமும் அந்த ஸ்டூலில் ஏறியிருக்கிறார். வெள்ளை கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது. வெளியே நாளெல்லாம் துடைத்தாலும் அது போகாது. அவர்மேல் என்ன பேச்சு நடக்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. முன்பக்க வளையத்தைக் கழற்றினேன். உள்ளே முத்து முத்தாக நீர். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ரப்பர் வளையத்தை மாற்றி, அதற்கு கிரீஸ் தடவினேன். மருந்து டப்பாக்களில் வருமே, ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம், அதில் இரண்டை உள்ளே வைத்து இறுக்கி மூடினேன். கேமராவின் வயிற்றில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. லாரியில் கட்டுகிறார்கள், கரும்பு டிராக்டரில் கட்டுகிறார்கள், மோட்டார் கொட்டகையில் கட்டுகிறார்கள், குழந்தை இடுப்பில் கட்டுகிறார்கள். கேமராவில் கட்டினால் என்ன.

கீழே வந்து குடோன்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "முடிஞ்சுதுங்கய்யா. இனிமே ஒரு சொட்டு உள்ள பூராது."

மறுநாள் காலையில் அவரே போன் பண்ணினார். மறுபடியும் வெள்ளை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முடித்துவிட்டார். "உன் வேலைல கொற சொல்ல மாட்டேம்மா. நீ செஞ்சா சரியாத்தான் செஞ்சிருப்ப. நீ சரி பண்ணிட்டு வந்தப்பறமும் வெள்ளையாவுதுன்னா, அவன்தானே பண்றான்? ஞாயித்துக்கெழம மேல போறேன். பொங்கலுக்குள்ள ரூம காலி பண்ணச் சொல்லிடறேன். வேற ஆள் பாத்து வெச்சிட்டேன்."

என் வேலைமேல் ஒருவர் அப்படி நம்பிக்கை வைத்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அந்த நம்பிக்கையாலேயே ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது. என் கை சுத்தம் என்று சொல்லி அண்ணன் கையை அழுக்காக்கிவிட்டார். போனை வைத்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பாதிக் கோபம் குடோன்காரர்மேல். மீதி பாதி அந்தக் கேமராமேல். என் கைக்கு அடங்காத ஒரு சாமான் மலைமேல் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். குடோன்காரருக்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்டூல் சுவர் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. அவர் மனைவி பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"பொண்ணுக்குப் பரீச்ச வருதுங்க. அது முடியறவரைக்குமாவது இருந்துக்கறோம்னு அய்யாகிட்ட சொல்றீங்களா?"

அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் தொடைச்சது தப்புங்களா?"

"தப்பில்லண்ணே. சாக்க அவுத்துவெக்கச் சொல்லுங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

கேமராவைச் சுவரிலிருந்து மொத்தமாகக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, சாமை மூட்டைமேல் துண்டு விரித்து வைத்தேன். முன்பக்கம் மறுபடியும் முத்து முத்தாக வியர்த்திருந்தது. நான் போட்ட ரப்பர் வளையம் அப்படியே கச்சிதமாக இருந்தது. அதன் வழியாக நீர் வந்திருக்க முடியாது. ஒயர் வெளியே வருகிற இடத்தில் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. பிறகு குப்புறக் கவிழ்த்தேன். அடிவயிற்றில் சிம் போடுகிற சின்ன மூடி. இரண்டு ஸ்க்ரூ, அதற்கடியில் ரப்பர். அந்த மூடியை ஒட்டித்தான் கறுப்புக் கயிறு சுற்றிப் போயிருந்தது. மூடியின் விளிம்பில் நகத்தை வைத்து மெதுவாக ஓட்டினேன். ஓரிடத்தில் நகம் தடுக்கியது.

ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். கயிற்றின் ஒரு நுனி உள்ளே கிடந்தது. விரல் நீளத்துக்கு, நன்றாக ஊறி, உப்பி, சிம்முக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருந்தது. அதன் முனையில் ஒரு சொட்டு நீர்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணனும் அவர் மனைவியும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஐப்பசி நாள் அப்படியே கண்முன் வந்தது. அன்றைக்கு நானும் கூட வந்து ஏணியைப் பிடித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் எந்தப் புது சாமானும் பூஜை போடாமல் வேலைக்கு இறங்காது. கேமராவை வாழை இலைமேல் வைத்து, சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். சிம் போடுவதற்காக என் கணவர் அப்போதுதான் அடிமூடியைத் திறந்திருந்தார். குலதெய்வக் கோயிலில் வாங்கிவந்த கயிற்றைக் குடோன்காரரே தன் கையால் அதன் வயிற்றில் கட்டினார். எல்லோரையும் பார்க்கப்போகிற கண்ணுக்கே கண் பட்டுவிடக் கூடாதாம். பூஜை போட்ட கயிற்றை யார் கழற்றுவது, யார் நறுக்குவது? என் கணவர் சிம்மைச் செருகினார், நுனி உள்ளே மாட்டியிருப்பதைப் பார்க்காமலே மூடியை வைத்து முறுக்கினார். அன்றிலிருந்து வெளியே பெய்கிற பனியை அந்தக் கயிறு, விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, இரவெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பகலில் வெயில் பட்டதும் அந்த நீர் ஆவியாகும். விடியற்காலைக் குளிரில் ஆவி கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் மங்கலாக, வெளிச்சம் வர வர முழு வெள்ளையாக; அண்ணன் துண்டை எடுக்கிற நேரமும் அதுதான். நான் வைத்த பொட்டலங்கள் ஒரே நாளில் நனைந்து நமுத்துப் போயிருந்தன. அவற்றைச் சொல்லிக் குற்றமில்லை.

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய்க் கணவருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வாய வெச்சிக்கினு சும்மா இரு. அவரு கட்டுன சாமி கயிறுன்னு அவர் மொகத்துக்கு நேரா சொல்லிக்கினு இருக்காத. ரப்பர் பூடுச்சின்னு சொல்லிடு. பெரிய மனுசன், நாளைக்கு நாலு பேருகிட்ட நம்ம கடையப் பத்திப் பேசுவாரு."

"ரப்பர் பூடுச்சின்னா, அத எவன் கிழிச்சான்னு கேப்பாரு. இந்த அண்ணன்தான் கிழிச்சாருன்னு அவரே பதிலும் சொல்லிக்குவாரு."

"அப்ப உன் இஷ்டம்."

என் இஷ்டம் என்று அவர் சொன்னால், நீ சொல்வதுதான் சரி என்று அர்த்தம்.

குடோன்காரர் வந்து இறங்கியபோது பனி விலகிச் சுள்ளென்று வெயில் வந்திருந்தது. கேமரா மூட்டைமேல் பிரிந்து கிடப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். நான் அவருக்கு மூடியைக் காட்டினேன், கயிற்றைக் காட்டினேன்.

"கயிறா? ஒரு கயிறு தண்ணி கொண்டாந்து ஊத்துமா? வெளயாடறியா?"

வாயால் சொல்லி ஆகிற ஆள் இல்லை அவர். அண்ணன் மனைவியிடம் இரண்டு டம்ளர் கேட்டேன். ஒன்றில் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். இன்னொன்றை நன்றாகத் துடைத்துக் காயவைத்துக் கொஞ்சம் தாழ்வாக வைத்தேன். கயிற்றை அவிழ்த்து ஒட்டப் பிழிந்து, ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு, மறு நுனியைக் காலி டம்ளரில் தொங்கவிட்டேன்.

"நீங்களே பாத்துக்கினு இருங்கய்யா. யாரும் தொட வேணாம்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தார். அண்ணன் எட்டி, கதவோரமாக நின்றார். அவர் மனைவி எல்லோருக்கும் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் போட்டார். வேண்டாம் வேண்டாம் என்ற குடோன்காரர், பசி தாங்காமல் தட்டை வாங்கிக்கொண்டார். வாய் சாப்பிட்டதே தவிர, கண் டம்ளரைவிட்டு நகரவில்லை. கயிறு நுனி வரைக்கும் நனைந்து மினுங்கியது. நுனியில் ஒரு சொட்டு திரண்டது. காலி டம்ளருக்குள் டக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. நாங்கள் கை கழுவிவிட்டு வந்தபோது காலி டம்ளரின் அடி மூழ்கியிருந்தது.

அவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலை விட்டு நனைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான்தான் தண்ணி வுட்டேன்னு சொல்றியா?"

பெரிய மனிதர், கடைக்கு வேண்டியவர். இருந்தாலும் சொன்னேன். "ஆமாங்கய்யா. கட்டுனது நீங்க. பாக்காம மூடுனது எங்க வூட்டுக்காரரு. இவரு தொடைச்சது மட்டுந்தான்."

வெளியே ஒரு ஆட்டோ ஏறி வருகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. குடோன்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் இதுவரைக்கும் எந்தப் பரீட்சைக்கும் அப்படி நின்றதில்லை.

"சாமி கயிற வேணான்னு சொல்லாத" என்றார் கடைசியில்.

"வேணான்னு சொல்லலீங்கய்யா. கேமராவுல வேணாம். சொவத்துல ஒரு ஆணி அடிச்சி அதுல கட்டுங்க. சாமிக்கு எங்கிருந்தாலும் கண்ணு தெரியும். கேமராவுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

அவர் உதட்டில் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. உடனே அடக்கிக்கொண்டார். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம்தான் சொன்னார். "கொண்டும்போயி சரி பண்ணி எடுத்தாந்து மாட்டு. மாட்டின மறுநாள் வெடியக்காலைல படம் தெளிவா வரணும். வந்தா அவன் இருக்கட்டும். வரலன்னா நான் சொன்னதுதான்."

இத்தனைக்குப் பிறகும் அவர் வாயில் 'அவன்'தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று சரி. இனி கேமரா பேச வேண்டும், நான் பேசி முடித்தாகிவிட்டது.

கேமராவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கினேன். முதல் தடவை செய்த காரியம் ஒன்று வழியெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பனி சூழ்ந்த இடத்தில் நின்றுகொண்டு திறந்தேன், துடைத்தேன், அந்தப் பனிக்காற்றையே உள்ளே வைத்து அடைத்து மூடினேன். கயிறு இல்லாமல் இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் வியர்த்திருக்கும். இந்தக் கேமராவை மலைமேல் மூடக் கூடாது. கீழே மூட வேண்டும்.

கள்ளக்குறிச்சி வெயிலை நாங்கள் எல்லோருமே திட்டுவோம். அன்றைக்கு நான் அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். மொட்டை மாடியில் எவர்சில்வர் தட்டில் கேமராவைப் பிரித்து வைத்து, தூசி விழாமல் மேலே மெல்லிய துணி போட்டு, மார்கழி வெயில் மொத்தத்தையும் அதற்குக் கொடுத்தேன். பொட்டலத்தில் இருக்கிற மணிகளைப் பிரித்து, ஈரம் போக வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து ஆறவைத்தேன். என் கணவர் கட்டிலில் இருந்தபடி, இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு என் வழியில் செய்தேன். அவருக்கும் அது தெரியும்.

"நான் மூடுனத நீ கண்டுபுடிச்சிட்ட" என்றார்.

"ஊருக்கெல்லாம் சொல்லப்போறேன்."

"சொல்லு, சொல்லு. என் பொண்டாட்டின்னும் சேத்து சொல்லு."

உச்சி வெயிலில், காற்று காய்ந்து கிடக்கிற நேரம் பார்த்து, எல்லா ரப்பரையும் புதிதாகப் போட்டு, மூடியின் விளிம்பு முழுக்க நகம் ஓட்டிப் பார்த்து இறுக்கினேன். எங்கள் ஊர்க் காற்றை உள்ளே வைத்து அடைத்தாயிற்று. மறுபடியும் மலை ஏறி மாட்டினேன். ஒயரைச் சுவருக்குள் விடுவதற்கு முன்னால் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தேன், ஒயர் வழியாக ஓடி வருகிற நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சந்தனம், குங்குமம் எதுவும் வைக்கவில்லை. அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது நான் அவரிடம் சொன்னேன், "நாளைக்குத் தொடைக்காதீங்கண்ணே. தொடைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது." அவர் தலையை மட்டும் ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. பாத்திரச் சாக்கு இன்னும் அவிழ்க்காமல் மூலையில் இருந்தது.

மறுநாள் அலாரம் அடிப்பதற்கு முன்னால் எழுந்துவிட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனைத் திறந்தேன். கேமரா மாட்டுகிற வீடுகளின் படம் கொஞ்ச நாளைக்கு எங்கள் போனிலும் வரும், சரிபார்ப்பதற்காக. ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது. மலை சிக்னல் அப்படித்தான். பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. நான் நகரவில்லை.

படம் வந்தது. பனி தெரிந்தது. புளியமரத்தைச் சுற்றிப் பனி, ரோட்டுமேல் பனி, தூரத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரிப் பனி. ஆனால் எல்லாம் வெளியே இருந்தது. குடோன் வாசல்படி தெளிவாக இருந்தது. பூட்டில் இருக்கிற சாவித் துளைகூடத் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணப் போட்டோவை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கணவரை எழுப்பிப் போனை முகத்துக்கு நேராக நீட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "என் பொண்டாட்டி" என்று மட்டும் சொன்னார்.

அப்போது அறைக் கதவு திறந்தது. காவல்கார அண்ணன் வந்தார். துண்டு இல்லை, ஸ்டூல் இல்லை. சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அந்தக் குளிரில் மேலே ஒன்றும் போர்த்தாமல். தலை படிய வாரியிருந்தார். வாசல் நடுவில் வந்து நின்று, முகத்தைத் தூக்கி, நேராகக் கேமராவைப் பார்த்தார்.

"அய்யா. என் மொகம் தெரியுதுங்களா?"

பதில் இல்லை. குடோன்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, தூங்குகிறாரா என்று எனக்குத் தெரியாது. பேசுகிற பட்டன் என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. தெரியுதுண்ணே என்று நான் சொல்லியிருக்கலாம். அழுத்தவில்லை. அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். மூச்சு வெள்ளையாக வந்து போனது.

பிறகு கேமராவிலிருந்து கரகரவென்று குடோன்காரர் குரல் வந்தது.

"தெரியுதுய்யா. நல்லாத் தெரியுது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "குளிருல நிக்காத. உள்ள போயி டீ குடி" என்றார்.

"சரிங்கய்யா" என்றார் அண்ணன்.

சொல்லிவிட்டு உடனே போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்றார்.